விதி வைத்து விளையாடுதல்

பள்ளிக்கூடத்தில் நமக்குக் கொடுத்த கட்டுரைத் தலைப்புகளை நினைத்துப் பாருங்கள். மழைக்காலம், என் கிராமம், நான் பிரதமரானால். ஒரு வகுப்பே உட்கார்ந்து எழுதினாலும் எல்லாத் தாளும் ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் இருக்கும். அதற்குப் பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது. மழை என்று மட்டும் சொன்னால் யாருக்கும் முதலில் வந்து நிற்பது ஏற்கெனவே படித்த மழைதான்: மண்வாசனை, காகிதக் கப்பல், ஜன்னலோரத்தில் சூடாக ஒரு டம்ளர் காபி.

அதையே இப்படிக் கேளுங்கள்: ‘கல்யாண வீட்டு வாசலில் பந்தல்காரர் பேசுகிறார். மழை கொட்டுகிறது. மழை, தண்ணீர், ஈரம், நனைதல் ஆகிய சொற்கள் வரக் கூடாது.’ எழுதுகிறவர் இப்போது பந்தல் துணியின் தொய்வைப் பற்றி யோசிக்க வேண்டியிருக்கிறது. மூங்கில் முட்டு எங்கே கொடுப்பது, முன்பணம் வாங்கியாயிற்றே, வாடகை நாற்காலிகளை யார் தூக்கி உள்ளே போடுவது, பெண்ணின் அப்பா முகத்தை எப்படிப் பார்ப்பது. காகிதக் கப்பலுக்கு அங்கே வேலையே இல்லை.

இந்த அத்தியாயத்தில் வரும் பயிற்சிகள் எல்லாம் இந்த வகைதான். சுலபமாக ஓடும் ஒரு வழியை விதி அடைக்கிறது. நாம் வேறு வழி தேடுகிறோம். தேடும்போது நமக்கே தெரியாமல் நம்மிடம் இருந்த ஒன்று அகப்படுகிறது. சுதந்திரமாக எழுதுங்கள் என்று சொல்லி ஒருவரை வெற்றுத் தாளின் முன் உட்கார வைப்பதை நான் நல்ல பயிற்சியாகக் கருதவில்லை. அதை அனுபவசாலிகள் தாங்குவார்கள். தொடங்குகிறவருக்கு ஒரு சின்ன விதி கொடுத்தால்தான் கை ஓடும்.

வேண்டியவை கொஞ்சம்தான். ஒரு கோடு போட்ட நோட்டு, பேனா, கைப்பேசியில் பத்து நிமிட மணி. மணி அடிக்கும்வரை அடித்தல் திருத்தல் வேண்டாம். எழுதியதை அன்றைக்கே செப்பனிடவும் வேண்டாம். ஒரு வாரம் நோட்டில் கிடக்கட்டும். விளையாட்டில் எழுதியதைப் போட்டிக்கு அனுப்பும் அவசரம் இருந்தால் விளையாட்டு அங்கேயே செத்துவிடும்.

இரண்டு சொல், சில உருபுகள்

இத்தாலியில் ஜான்னி ரொதாரி என்று ஒரு எழுத்தாளர் இருந்தார். இளவயதில் தொடக்கப் பள்ளி ஆசிரியர், பிறகு பத்திரிகையாளர், குழந்தைகளுக்காக ஏராளமாக எழுதியவர். 1970இல் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் விருது பெற்றார். கதைகள் எப்படிப் பிறக்கின்றன என்பதை ஆராய்ந்து 1973இல் அவர் வெளியிட்ட நூலின் பெயரைக் ‘கற்பனையின் இலக்கணம்’ என்று தமிழில் சொல்லலாம். அதில் ஓர் ஆட்டம் வருகிறது. ஒரு குழந்தை கரும்பலகையின் முன்பக்கத்தில் ஒரு சொல் எழுதும். இன்னொரு குழந்தை பின்பக்கத்தில் ஒரு சொல் எழுதும். ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரியாது. பலகையைத் திருப்பினால் நாய், அலமாரி என்று சம்பந்தமில்லாத இரண்டு சொற்கள் சேர்ந்து நிற்கும். தனியாக நின்ற நாயிடம் கதை இல்லை. அலமாரிக்கு உள்ளே நாய் என்றதும் யாராவது கதவைத் திறந்து பார்த்தே ஆக வேண்டும்.

ரொதாரி தன் மொழியின் முன்னிடைச் சொற்களை வைத்து அந்த இரண்டையும் வெவ்வேறு விதமாகக் கோத்தார். நமக்கு வேற்றுமை உருபுகள் இருக்கின்றன. ஆறாம் வகுப்பில் மனப்பாடம் செய்து மறந்த ஐ, ஆல், ஓடு, கு, இன், உடைய, இல் எல்லாம் கதை கிளப்பும் கருவிகள் என்பதை இந்த ஆட்டத்தில்தான் உணர்வீர்கள். செய்து பார்ப்போம். உண்டியல், பல்செட்.

உண்டியலில் பல்செட்: கோயிலில் காணிக்கை எண்ணுகிறார்கள். சில்லறைக் குவியலுக்கு நடுவே ஒரு முழுப் பல்செட். தவறி விழுந்ததா, வேண்டுதலா?

பல்செட்டுக்கு உண்டியல்: தாத்தா முறுக்குக் கடிக்க வேண்டும் என்று பேத்தி மண் உண்டியலில் காசு சேர்க்கிறாள். ஒவ்வொரு நாணயமும் தாத்தாவின் சட்டைப் பையிலிருந்து எடுத்தது.

உண்டியலால் பல்செட்: உண்டியல் திருடனைத் தடுக்கப்போய் முகத்தில் அடி வாங்கிய இரவுக் காவலாளி, அன்றிலிருந்து பல்செட் போட்டிருக்கிறார். திருடன் யார் என்று அவருக்குத் தெரியும். யாரிடமும் சொன்னதில்லை.

உருபு ஒன்றை மாற்றினால் ஆளே மாறிவிடுகிறார். இந்த மூன்றில் எதை எழுதலாம் என்று கேட்டால் நான் மூன்றாவதைத்தான் சொல்வேன். முதல் இரண்டிலும் நிகழ்ச்சி விநோதமாக இருக்கிறது. மூன்றாவதில் ஒரு மனிதர் வாயை மூடிக்கொண்டிருக்கிறார், அதற்கு ஒரு காரணம் இருக்க வேண்டும். பெரும்பாலும் முதலில் தோன்றும் இணைப்பு வேடிக்கையாக இருக்கும், கொஞ்சம் தாமதித்து வருவது ஆழமாக இருக்கும். அதனால் ஐந்து உருபுகளையாவது போட்டுப் பார்த்த பிறகே எழுதத் தொடங்குங்கள்.

சொற்களை நீங்களே தேர்ந்தெடுக்காதீர்கள். ஒன்றை வீட்டிலிருக்கும் யாரிடமாவது கேளுங்கள், இன்னொன்றைப் பழைய செய்தித்தாளில் கண்ணை மூடி விரல் வைத்து எடுங்கள். நாய்–பூனை, மழை–குடை என்று பக்கத்துப் பக்கத்துச் சொற்கள் வந்தால் ஒன்றும் நடக்காது, வேறு சொல் எடுங்கள்.

உதடு ஒட்டாத பக்கம்

பல்லவர் காலக் காஞ்சியோடு தொடர்புபடுத்திச் சொல்லப்படும் வடமொழி ஆசிரியர் தண்டி. அவருடைய தசகுமார சரிதத்தில் இளைஞர்கள் தங்கள் சாகசங்களை ஒவ்வொருவராகச் சொல்வார்கள். மந்திரகுப்தன் முறை வரும்போது அவனுக்கு உதடு வலிக்கிறது; காதலி கடித்துவிட்டாள். அதனால் உதடு ஒட்டும் ஒலிகளே இல்லாமல் முழுக் கதையையும் சொல்லி முடிக்கிறான். எழுத்தை விலக்கி எழுதும் வித்தையைப் பலர் செய்திருக்கிறார்கள். பிரெஞ்சு எழுத்தாளர் ஜார்ஜ் பெரெக் தன் மொழியில் மிக அதிகமாகப் புழங்கும் ‘ஈ’ என்ற எழுத்து ஓர் இடத்திலும் வராமல் 1969இல் ஒரு முழு நாவலே வெளியிட்டார். ஆனாலும் தண்டி மீது எனக்குத் தனி மதிப்பு உண்டு. விதிக்கான காரணத்தை அவர் கதைக்குள்ளேயே, பாத்திரத்தின் உடம்பிலேயே வைத்திருக்கிறார்.

தமிழில் இதற்கு இதழகல் என்று பெயர், நிரோட்டகம் என்றும் சொல்வார்கள். துறவு அதிகாரத்தின் முதல் குறளை (341) வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். ப, ம, வ மூன்றும் அதில் இல்லை, உதடுகள் ஒன்றையொன்று தொடுவதே இல்லை. பற்று விடுவதைச் சொல்லும் குறளில் உதடும் ஒட்டவில்லை என்று ரசித்துச் சொல்பவர்கள் உண்டு.

நம் பயிற்சிக்கு விதி: ப, ம, வ வரிசை எழுத்துகளும் அவற்றின் மெய்களும் வராமல் பத்து வரி. மரபிலக்கணம் உதடு குவிக்கும் உ, ஊ, ஒ, ஓ, ஔ ஆகியவற்றையும் விலக்கச் சொல்லும். தொடக்கத்தில் அவ்வளவு வேண்டாம்.

எழுத உட்கார்ந்ததும் என்னென்ன போய்விடுகிறது என்று பாருங்கள். அம்மா போய்விட்டாள், அப்பாவும் போய்விட்டார். வீடு, மரம், மழை, பசி, மனம் கிடையாது. அவன், அவள், அவர் என்று யாரையும் சுட்ட முடியாது. அதைவிடப் பெரிய இழப்பு ஒன்று இருக்கிறது. வருவான், படிப்பாள், நடக்கும் என்று தமிழ் வினையின் எதிர்காலம் வகரத்தையும் பகரத்தையும் மகரத்தையும் நம்பித்தான் நிற்கிறது. ஆகவே எதிர்காலமே போய்விடுகிறது. ‘வேண்டும்’ போய்விட்டதால் ஆசைப்படவும் முடியாது. ‘செய்யலாம்’ போய்விட்டதால் யோசனை சொல்லவும் முடியாது. நடந்ததும் நடப்பதும்தான் மிச்சம்.

இப்போது கேள்வி இது: எதிர்காலமும் ஆசையும் இல்லாமல் பேசும் மனிதர் யார்? அந்த ஆளைக் கண்டுபிடித்துவிட்டால் விதிக்குக் காரணம் கிடைத்துவிடும். ஓர் உதாரணம்:

நேற்று கடை திறந்தார் தாத்தா. இன்று திறக்கிறார். நாளைக்கு என்ன என்று கேட்டால், தராசைத் துடைக்கிறார்.

நாளை என்ற சொல்லை எழுத முடிந்தது. அதற்கு ஒரு வினையைக் கொடுக்க முடியவில்லை. அதனால் தாத்தா தராசின் பக்கம் திரும்பிக்கொண்டார். விதி இல்லாமல் எழுதியிருந்தால் ‘தாத்தாவுக்கு எதிர்காலத்தைப் பற்றிக் கவலையாக இருந்தது’ என்று எழுதி நகர்ந்திருப்போம்.

பத்து வரி எழுதியபின் விதியைத் தூக்கி எறியலாம். அந்தத் தாத்தாவை வைத்து ப, ம, வ எல்லாம் சேர்த்து முழுக் கதை எழுதுங்கள். விதி தெரியும்படி கதை இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ரத பந்தம், நாக பந்தம் என்று தேர் வடிவிலும் பாம்பு வடிவிலும் எழுத்துகளை அடைக்கும் சித்திர கவிகள் நம்மிடம் நிறைய உண்டு. அந்த உழைப்பு வியக்கத்தக்கது. ஆனால் அவற்றில் பலவற்றைப் படித்து முடித்தால் கட்டம் நினைவிருக்கும், ஒரு மனிதர் நினைவிருக்க மாட்டார். விளையாட்டு நம்மை ஓர் ஆளிடம் கொண்டுபோய் விடுகிறதா என்பதே என் அளவுகோல்.

யார் யாரிடம் சொன்னது

இந்தப் பயிற்சியில்தான் இந்த நூலைப் படிப்பவர்கள் அதிக நாள் தங்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

குறுந்தொகையைத் திறந்தால் நானூற்றுச் சொச்சம் பாடல்கள், பெரும்பாலும் நான்கு முதல் எட்டு அடிக்குள். எந்தப் பாடலிலும் கவிஞர் தன் குரலில் பேசுவதில்லை. தலைவி பேசுவாள், தோழி பேசுவாள், செவிலி பேசுவாள், தலைவனும் வழியில் கண்டவர்களும் பேசுவார்கள். யார், யாரிடம், எந்த நேரத்தில் சொன்னது என்று ஒரு குறிப்புப் பாட்டோடு சேர்ந்து வரும். காதலர்களுக்குப் பெயர் சொல்லக் கூடாது என்பது அகத்திணையின் விதி. நிலமும் பொழுதும் வகுக்கப்பட்டவை: பாலைக்கு நண்பகல், முல்லைக்கு மாலை, குறிஞ்சிக்கு யாமம், மருதத்துக்கு வைகறை. மனதில் உள்ளதை நேராகச் சொல்லாமல் அந்த நிலத்தின் மீனையும் எருமையையும் நண்டையும் சொல்லி உணர்த்தும் உள்ளுறை என்ற முறையும் உண்டு. இத்தனை கட்டுப்பாடுகளுக்கு நடுவே, பல கவிஞர்கள் ஒரே சூழலை மறுபடி மறுபடி பாடியும், பாடல்கள் ஒன்றுபோல் இல்லை.

இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ளும் விதிகள் ஐந்து. பேசுபவர் ஒருவர், கேட்பவர் ஒருவர், இருவருக்கும் பெயர் இல்லை. இடமும் வேளையும் தெரிய வேண்டும். பேச்சில் அந்த இடத்துப் பொருள்கள் மட்டுமே வரலாம். மனதை அரிக்கும் விஷயத்தின் பெயரைச் சொல்லவே கூடாது. எட்டு வாக்கியத்துக்கு மேல் போக வேண்டாம்.

சூழலைக் குறுந்தொகைக் குறிப்பைப்போல ஒரே வாக்கியத்தில் எழுதிக்கொள்ளுங்கள். சில தருகிறேன். வெளிநாடு போகப் பெட்டி அடுக்கும் மகனிடம், முந்தின இரவு அம்மா சொன்னது. ரேஷன் கடை வரிசையில் பழைய சிநேகிதியைக் கண்டும் பேசாமல் வந்தவள், நண்பகலில் தன் மகளிடம் சொன்னது. பேச்சுவார்த்தை இல்லாத அண்ணன் வீட்டிலிருந்து கல்யாணப் பத்திரிகை வந்த மாலையில், கணவனிடம் மனைவி சொன்னது. வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்தவனிடம், விடியற்காலை டீக்கடையில் சித்தப்பா சொன்னது.

முதல் சூழலை எழுதிப் பார்த்தால்:

“எடை இருபத்து மூணு கிலோவுக்கு மேல போகக் கூடாதாமே. அப்போ ஊறுகாய் பாட்டிலை எடுத்து வெச்சிடு. பருப்புப் பொடி கிடக்கட்டும், அது கனக்காது. கொல்லையில முருங்கைய வெட்டச் சொல்லிட்டேன், ஒரே கம்பளிப்பூச்சி. ரெண்டு வருஷத்துல மறுபடி காய்ச்சிடும்னு சொல்றான். காய்க்கலேன்னா வேற குச்சி நட வேண்டியதுதான். அந்தப் பூட்டு சரியா மாட்டுதா பாரு.”

பிரிவு, அழுகை, எப்போது வருவாய் எதுவும் இதில் இல்லை. எல்லாம் முருங்கை மரத்தின் மேல் ஏற்றப்பட்டிருக்கிறது. ரெண்டு வருஷம் என்ற அளவு மரத்துக்கானது. கேட்கும் மகனுக்கு அது யாருடைய கணக்கு என்று தெரியும். கடைசி வாக்கியம் பூட்டுக்குத் திரும்பியதைக் கவனியுங்கள். தொடக்கத்தில் எழுதுகிறவர்கள் முருங்கையோடு நிறுத்தவே விரும்புவார்கள். அப்படி நிறுத்தினால் வாசகரின் தோளைத் தட்டிக் காட்டியதுபோல் ஆகிவிடும். மனது கனத்திருக்கும்போது மக்கள் பூட்டைப் பற்றிப் பேசுவார்கள், பேச்சை மாற்றுவார்கள். அதையும் எழுதுங்கள்.

பொருள்களில் ஏமாற்று வேலை வேண்டாம். உங்கள் ஊர்க் கொல்லையில் என்ன நிற்கிறதோ அது வரட்டும். சங்கப் பாட்டில் வருகிறது என்பதற்காக அடுக்குமாடிக் குடியிருப்பில் அன்றிலைப் பறக்கவிட வேண்டாம். அங்கே புறா இருக்கிறது, அதைத் தடுக்கப் பால்கனியில் கட்டிய வலை இருக்கிறது, லிஃப்ட் கதவு மூடாமல் கத்துகிறது. ஐந்திணையின் பழைய பட்டியலை ஒப்பிப்பதைவிட உங்கள் நிலத்துக்கு ஒரு கருப்பொருள் பட்டியல் தயாரிப்பது பயன் தரும். வீட்டிலிருந்து பேருந்து நிறுத்தம்வரை நடந்து, கண்ணில் படும் மரம், பறவை, தொழில், ஓசை, சாப்பாடு ஆகியவற்றை அவற்றின் உள்ளூர்ப் பெயரோடு நோட்டில் ஏற்றுங்கள். பெயர் தெரியாத மரத்தின் அடியில் கடை போட்டிருப்பவரிடம் கேட்டால் சொல்லிவிடுவார்.

ஒரு சம்பவம், பல வாய்

பாரிஸ் பேருந்தில் நீண்ட கழுத்துள்ள ஓர் ஆள் பக்கத்தில் நிற்பவரோடு தகராறு செய்கிறான். பிறகு ரயில் நிலையத்தின் முன் ஒரு நண்பன் அவனிடம் கோட்டுப் பொத்தானைப் பற்றி ஏதோ சொல்கிறான். இவ்வளவுதான் சம்பவம். இதைப் பிரெஞ்சு எழுத்தாளர் ரெமோன் கெனோ 99 விதமாக எழுதி 1947இல் புத்தகமாக்கினார்.

நமக்கு இதில் கூடுதல் வசதி உண்டு. எழுத்துத் தமிழ், பேச்சுத் தமிழ், வட்டார வழக்கு, அலுவலகத் தமிழ், பத்திரிகைத் தமிழ் என்று ஒவ்வொன்றும் வேறு ஆள் போலவே நடந்துகொள்ளும். சம்பவம்: டவுன் பஸ்ஸில் மீன் கூடையிலிருந்து ஐஸ் தண்ணீர் ஒருவரின் வெள்ளை வேட்டியில் சொட்டுகிறது. சண்டை. பிறகு இருவரும் ஒரே நிறுத்தத்தில் இறங்கி, ஒரே தெருவில் நடந்து, ஒரே வீட்டு வாசலில் நிற்கிறார்கள்.

இதைக் காவல் நிலையப் புகார் மனுவாக எழுதுங்கள். ‘மேற்படி நபர் மேற்படி கூடையிலிருந்து’ என்று தொடங்கினால் மீதி தானே வரும். மீன்கார அக்கா பக்கத்து வீட்டில் சொல்வதாக எழுதுங்கள்: “ஐஸு உருகுறது எங்குத்தமாக்கா?” நடத்துநர் இரவில் சில்லறை எண்ணிக்கொண்டே சொல்வதாக, கல்யாணப் பத்திரிகையின் நடையில், மாநிலச் செய்திகளாக, வேட்டிக்காரரை அன்று வீட்டில் எதிர்பார்த்திருந்த பெண்ணின் குரலில் எழுதிப் பாருங்கள். ஆறு போதும், தொண்ணூற்றொன்பது வேண்டாம்.

எழுதி முடித்ததும் ஒவ்வொரு பக்கத்தின் ஓரத்திலும் இந்தக் குரல் எதை விட்டுவிட்டது என்று குறியுங்கள். புகார் மனுவில் மீன் நாற்றம் இருக்காது. அக்காவின் பேச்சில் வேட்டி என்ன விலை என்பது இருக்காது. நடத்துநருக்கு அந்த வாசல் தெரியவே தெரியாது. பிற்பாடு நீங்கள் கதைசொல்லியைத் தேர்ந்தெடுக்கும்போது இந்த ஓரக்குறிப்புகள் கை கொடுக்கும்.

ஈற்றடி கொடுத்தல்

இது கூடி விளையாடுவது. அவதானக் கலையில் கொடுத்த ஈற்றடிக்கு அங்கேயே வெண்பா பாடி முடிப்பதும் ஒரு சோதனை. முதுகில் விழும் கல்லை எண்ணிக்கொண்டும் கணக்குக்கு விடை சொல்லிக்கொண்டும் அதைச் செய்ய வேண்டும். நாகர்கோவில் கோட்டாறு செய்குத்தம்பிப் பாவலர் 1907இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் ஒரே அமர்வில் நூறு செயல்களில் கவனம் செலுத்திச் சதாவதானம் செய்து காட்டினார்.

நமக்கு வெண்பா வேண்டாம், உரைநடைக்கே இதைச் செய்யலாம். நான்கைந்து பேர் உட்காருங்கள். ஒவ்வொருவரும் ஒரு கதையின் கடைசி வாக்கியத்தைத் துண்டுச் சீட்டில் எழுதி மடித்துப் பாத்திரத்தில் போடுங்கள். வாக்கியத்தில் ஒரு பொருளும் ஒரு செயலும் இருக்க வேண்டும். உணர்ச்சியைப் பெயர் சொல்லிக் குறிக்கக் கூடாது. ‘கடைசி இட்லியை அவர் தொடவில்லை.’ ‘சீருடையை மடித்து, பட்டனைத் தனியாகக் காகிதத்தில் பொட்டலம் கட்டிக் கொடுத்தாள்.’ ‘ஆட்டோ திரும்பி வந்தது, ஆனால் பின் இருக்கையில் வேறு ஆள்.’ சீட்டை எடுத்தவர் அந்த வாக்கியத்தில் போய் முடியும்படி ஒரு பக்கம் எழுத வேண்டும். நேரம் இருபது நிமிடம்.

முடிவு தெரிந்திருப்பதால் நடுவில் தடுமாற்றம் இருக்காது என்று நினைப்பீர்கள். நடப்பது வேறு. ஏன் அந்த இட்லியைத் தொடவில்லை என்பதற்கு முதலில் வரும் காரணம் துக்கச் செய்தியாகத்தான் இருக்கும். மேசையில் பாதிப் பேர் அதையே எழுதுவார்கள். ஆகவே இரண்டாவது சுற்றில் சாவு, நோய், தொலைபேசி அழைப்பு மூன்றையும் தடை செய்யுங்கள். அப்போது யாராவது ஒருவர், பந்தியில் எதிரே உட்கார்ந்திருக்கும் சம்பந்தி எத்தனை சாப்பிட்டார் என்று எண்ணிக்கொண்டிருக்கும் மனிதரை எழுதுவார். அந்தப் பக்கத்தைச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். எழுதியவர் தானே வாசிக்கக் கூடாது, பக்கத்தில் இருப்பவர் வாசிக்க வேண்டும். வாசிப்பவரின் நாக்கு தடுக்கும் இடங்களில் எழுதியவர் தன் பிரதியில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்துக்கொள்ளட்டும். அடுத்த சந்திப்புக்கு அவர் திருத்தி வர வேண்டியது அந்தப் புள்ளிகளை மட்டும்தான்.